நாளும் கணக்கும்

புதுச்சேரிக்கு வடமேற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த திருக்கனூரில் நமக்கு நெருக்கமான குடும்பம் ஒன்று உண்டு. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த ஊர் அது. மணிலா மண்டி வைத்து வாழ்ந்த அக்குடும்பத் தலைவர் வஃபாத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய வருடப் பாத்திஹாவை அவ்வீட்டார் அரபு மாதக் கணக்கில் அல்லாமல் ஏப்ரல் 21ஆம் தேதியிலேயே ஓதி வருகின்றனர். வாழ்நாள் முழுவதும் பேரேட்டில் இங்கிலீஷ் தேதி போட்டே எழுதிய வியாபாரிக்கு அதுவே பொருத்தம் என்று தொடக்கத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வருடப் பாத்திஹா கூடுமா, கூடாதா என்னும் வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு வேறு பக்கங்கள் இருக்கின்றன.

ஒருமுறை அந்த மஜ்லிஸில் நாமும் இருந்தோம். துஆவுக்கு முன் ஹஜ்ரத் அவர்கள் மர்ஹூம்களின் பெயர்களைக் கேட்டார்கள். பிள்ளைகள் தந்தையார் பெயரையும், பாட்டனார் பாட்டியார் பெயர்களையும் சொல்லி முடித்தனர். அப்போது உள்கட்டு வாசலிலிருந்து அம்மையாரின் குரல் கேட்டது:

"வண்டிக்கார பாயின் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லப்பா. அவருக்கும் இன்றைய தேதிதான்."

சுற்றுக் கிராமங்களிலிருந்து மூட்டைகளை ஏற்றிவந்து மண்டியில் இறக்கிய மாட்டுவண்டிக்காரர் அவர். பிள்ளை குட்டி இல்லாதவர். முதலாளிக்கு ஏழாண்டுகள் முன்னதாக மறைந்தவர்.

மூத்த பிள்ளை மெல்லிய குரலில், "ஒரே தேதி என்பதற்காகவா அம்மா? அரபுக் கணக்குப் பார்த்தால் அவருக்கு வேறு மாதம், அத்தாவுக்கு வேறு மாதம்" என்றார்.

"கணக்கைத்தானே நானும் சொல்கிறேன். அவர் மண்டியில் விட்டுவைத்த சம்பளம் இன்னும் பேரேட்டிலேயே நிற்கிறது. அதே தேதியில் உங்கள் அத்தாவுக்கும் மௌத் வந்ததே, அது சும்மாவா?"

ஹஜ்ரத் அவர்கள் அந்தப் பெயரையும் கேட்டு வாங்கி துஆ ஓதினார்கள். சோறும் பரிமாறப்பட்டது. ஆனால் அம்மையார் கேட்ட கேள்வி மட்டும் சபையின் நடுவே அப்படியே கிடந்தது. ஒரே தேதியில் இருவர் இறப்பது சும்மாவா?

அன்று அவ்வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டித் தாளில் 'பாவேந்தர் பாரதிதாசன் நினைவு நாள்' என்று அச்சிட்டிருந்தது. புதுவை மண்ணில் 1891இல் பிறந்து, அம்மண்ணிலேயே பல்லாண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றிய அப்பெருங்கவிஞர் 1964 ஏப்ரல் 21இல் சென்னையில் காலமானார். இன்று புதுவை அரசு பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அவருடையதே. அந்தத் தாள் சொல்லாத இன்னொரு பெயரும் அத்தேதிக்கு உண்டு. அல்லாமா இக்பால் லாகூரில் உயிர்நீத்ததும் ஏப்ரல் 21தான், ஆண்டு 1938. அவருக்கும் சென்னை அறியாத ஊரன்று. 1929 ஜனவரியில் இங்கு வந்து மார்க்கச் சிந்தனையின் மறுமலர்ச்சி குறித்து அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே பின்னர் அவருடைய புகழ்பெற்ற நூலாயின. ஒரு கவிஞர் பேசிச் சென்ற நகரில் மற்றொரு கவிஞர் கண்மூடினார்.

இத்தகைய ஒற்றுமை கண்ணில் பட்டதும் மனம் அதன்மேல் மாளிகை எழுப்பத் தொடங்கிவிடுகிறது. இக்பால் பாடியது 'குதி' என்னும் தன்னிலை. பாரதிதாசன் பாடியது சுயமரியாதை. இருவரும் அடிமை மனத்தைச் சாடியவர்கள். ஆகவே காலமே இருவரையும் ஒரு நாளில் சேர்த்து வைத்தது என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் நிச்சயம் கிடைக்கும். ஆனால் இக்பாலின் தன்னிலை இறைவனை நோக்கி உயர்வது. பாரதிதாசனோ இறை மறுப்பை வெளிப்படையாகவே பாடியவர். இந்த இடைவெளியை ஒரு நாட்காட்டித் தாள் தூர்த்துவிடாது. மேலும் அதே ஏப்ரல் 21இல்தான் 1910இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் மறைந்தார். 1946இல் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் மறைந்தார். 2013இல் கணித மேதை சகுந்தலா தேவி பெங்களூரில் மறைந்தார். 1526இல், அக்காலத்து ஜூலியன் கணக்கின்படி, பானிபட் களத்தில் சுல்தான் இப்ராஹிம் லோடி வீழ்ந்த நாளும் அதுவே. இவர்கள் அனைவருக்கும் பொதுவான செய்தி ஒன்றைக் கண்டுபிடிப்பவர் உண்டானால், அவர் எதிலும் எதையும் கண்டுபிடித்துவிடுவார்!

மூத்த பிள்ளை எழுப்பிய ஆட்சேபமும் அறிவுடையதே. இக்பால் மறைந்தது ஹிஜ்ரி 1357 ஸபர் மாதத்தில். பாரதிதாசன் மறைந்தது 1383 துல்ஹஜ்ஜின் முதல் பத்து நாட்களுக்குள். பிறைக் கணக்கில் இருவருக்கும் யாதொரு உறவும் இல்லை. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் நாட்டுச் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23ஆம் தேதியை ஒட்டி மறைந்தனர் என்பர். உலகப் புத்தக நாள் அத்தேதிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உண்மையில் இங்கிலாந்து பழைய நாட்காட்டியையும் ஸ்பெயின் புதிய நாட்காட்டியையும் கைக்கொண்டிருந்த காலம் அது. இரண்டுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு. நம் பாரதியையே எடுத்துக்கொள்வோம். அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்த பிறகு. சூரிய உதயத்தில் நாளைத் தொடங்குவோருக்கு அது 11ஆம் தேதி; கடிகாரத்தைப் பார்ப்போருக்கு 12ஆம் தேதி; மஃரிபில் நாளைத் தொடங்கும் நமக்கோ, அந்த நாள் பல மணி நேரம் முன்னரே பிறந்துவிட்டது. தேதி என்பது மனிதன் காலத்தின்மீது இழுத்த கோடு.

எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. 23 பேரின் பெயர்களை எழுதிப் பார்த்தால், அவர்களுள் எவரேனும் இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று கணித நூலார் காட்டுவர். இறந்த தேதிக்கும் ஏறக்குறைய இதே நியாயம்தான். மூன்று தலைமுறை மர்ஹூம்களின் பட்டியல் உள்ள எந்த வீட்டிலும் இரு பெயர்கள் ஒரே தேதியில் வந்து நின்றால் வியப்பதற்கில்லை.

இதைச் சொல்ல நமக்குக் கணிதமும் வேண்டியதில்லை. ஹிஜ்ரி பத்தாம் ஆண்டில், அன்னை மாரியா (ரலி) ஈன்ற குழந்தை இப்ராஹிம் பால்குடிப் பருவம் மாறுமுன்னரே மறைந்தபோது, அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. அது கி.பி. 632 ஜனவரி 27 என்று வானியலார் கணித்துள்ளனர். பெருமானாரின் செல்வ மகனுக்காக வானமே இருண்டது என மதீனத்து மக்கள் பேசிக்கொண்டனர். அதைவிடப் பெரிய சாட்சியம் எந்தத் தலைவருக்குக் கிடைக்கும்? மறுத்துப் பேசாமல் இருந்தாலே போதும். மக்கள் தாமாகவே நம்பிவிடுவர். கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த அந்தத் தந்தையோ, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். தம் துயரத்துக்கு வானத்தைச் சாட்சியாக்க அண்ணலார் (ஸல்) இசையவில்லை. இந்நிகழ்ச்சியை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆயினும் நம் வீட்டில் ஒரு மௌத் நிகழும்போது வெள்ளிக்கிழமை, ரமலான், 27ஆம் இரவு என்று அடையாளம் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அடையாளம் தேடும் கண்ணுக்கு அருகில் உள்ளது தெரியாமற் போவதும் உண்டு. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைந்த நாள் 1826 ஜூலை 4. அன்றே, அப்பிரகடனத்தை உருவாக்கியவர்களும் பின்னர்க் குடியரசுத் தலைவர்களாக விளங்கியவர்களுமான ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் இருவரும் சில மணி நேர இடைவெளியில் வெவ்வேறு ஊர்களில் இறந்தனர். இறைவனே அந்நாட்டுக்கு இட்ட முத்திரை என்று அதைப் பலர் போற்றினர். ஆனால் ஜெபர்சன் பெருங்கடன் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கடனை அடைப்பதற்காக 1827 ஜனவரியில் அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் சுமார் 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தனர். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதியவரின் கடனுக்காகத் தாய் வேறு, பிள்ளை வேறாக விற்கப்பட்டவர்கள் இருந்தனர். தேதியின் அதிசயத்தைப் பேசியவர்களில் எத்தனை பேர் அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்திருப்பார்கள்?

அப்படியானால் அம்மையார் சொன்னது வெறும் மூடநம்பிக்கையா? அவ்வாறு தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. வழியில் கண்டெடுத்த பொருள் தற்செயலாகவே கைக்கு வருகிறது. தற்செயலாக வந்ததால் உரியவருடைய உரிமை குறைந்துவிடுமா? உடையவரைத் தேடி அறிவிக்க வேண்டும் என்றே மார்க்கச் சட்டம் கூறுகிறது. நினைவும் அப்படித்தான். வண்டிக்காரரையும் முதலாளியையும் ஒரே தேதியில் நிறுத்தியதில் செய்தி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தேதியின் வழியாக ஒரு தாய்க்கு ஞாபகம் வந்த சம்பளப் பாக்கி தற்செயலானதன்று. அது மை கொண்டு எழுதப்பட்டது. பிறைக் கணக்கைச் சொல்லித் தேதியை மாற்றலாம். தொகையை மாற்ற முடியாது. மூத்த பிள்ளையின் ஆட்சேபம் அறிவுடையது என்று மேலே சொன்னோம். அதே அறிவு, தப்பித்துக்கொள்ளவும் எவ்வளவு எளிதாகப் பயன்படுகிறது என்பதையும் அன்று கண்டோம்.

ஒரே நாளில் இறந்தவர்களில் எல்லோருக்கும் அழுவோர் கிடைப்பதில்லை. உஹதுக் களத்தில் ஒரே நாளில் ஷஹீதானவர்கள் ஏறத்தாழ எழுபது பேர். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் உடலுக்குக் கிடைத்த துணி, தலையை மூடினால் கால் தெரியும் அளவே இருந்தது. மதீனா திரும்பியபோது அன்சாரிப் பெண்கள் தத்தம் வீட்டாருக்காக அழுவதைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்), தம் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி)வுக்கு அழுவோர் இல்லையே என்று நெகிழ்ந்தார்கள் என வரலாறு கூறுகிறது. வீரர்களில் வீரரான ஹம்ஸாவுக்கே அந்நிலை! ஒப்பாரியைப் பின்னர் அவர்கள் தடுத்துவிட்டார்கள். இருந்தபோதிலும், அழ ஆளில்லாதவரைப் பற்றிய அந்த நெகிழ்ச்சி ஹதீஸ்களில் நிலைத்து நிற்கிறது. திருக்கனூர் வண்டிக்காரருக்கு இருந்த ஒரே அழுகுரல், உள்கட்டு வாசலில் நின்ற முதலாளியின் மனைவியுடையதுதான்.

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபோது மூத்த பிள்ளை நம் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள், தேதியில் ஏதாவது இருக்கிறதா?" என்றார். தேதியில் ஒன்றும் இல்லை, பேரேட்டில் இருக்கிறது என்றோம். கடனாளியின் ஜனாஸாவுக்குத் தொழவைக்கப் பெருமானார் (ஸல்) தயங்கி நின்றதையும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததையும் ஹஜ்ரத் அவர்கள் நினைவூட்டினார்கள். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

பரணிலிருந்து பழைய பேரேடுகளை இறக்கினார்கள். கரையான் ஒன்றிரண்டைத் தின்றிருந்தது, வேண்டியது தப்பியிருந்தது. வண்டிக்காரரின் கணக்கில் வரவாக நின்றது 640 ரூபாய். வில்லியனூரில் அவருடைய தங்கை மகள் இருப்பதாக அம்மையாரே சொன்னார். இளைய பிள்ளை உடனே சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

"அதை உள்ளே வை" என்றார் அம்மையார். "அந்த வருடம் மணிலா மூட்டை என்ன விலை என்று அதே பேரேட்டில் எழுதியிருக்கும். 640 ரூபாய்க்கு எத்தனை மூட்டை என்று முதலில் பார். அத்தனை மூட்டைக்கு இன்றைக்கு என்ன விலையோ அதைக் கொண்டுபோய்க் கொடு."

கடனுக்கு வாங்கிய தொகையே திரும்ப வேண்டும் என்பதுதானே சட்டம் என்று ஹஜ்ரத் அவர்களிடம் மெதுவாகக் கேட்டோம். "அது சட்டம். அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பதை யார் தடுப்பது?" என்று சிரித்தார்கள். மூத்த பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சித்திரை மாதத்துப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.