இரண்டு மரக்கால்

நெல் விளையும் காவிரிக் கரையில் வாழ்வோருக்கு மரக்காலின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என இரண்டு வைத்திருக்கும் வணிகனை எந்த ஊரும் மதிப்பதில்லை. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைத்துக்கொண்டு, பிறருக்கு அளக்கும்போது குறைப்போரை எச்சரித்தே திருமறையின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. இவ்வெச்சரிக்கை தானியத்தோடு முடிந்துவிடுவதன்று. மனிதரின் மானத்தை அளப்பதிலும் மரக்கால் உண்டு.

விளையாட்டுத் துறையில் இன்று ஒரு முறையீடு எழுந்திருக்கிறது. ஆண் ஒருவன் தகாத சொல் சொன்னால் அவன் பிழைப்பே போகிறது. பெண் சொன்னால் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடுகிறது. இது இரட்டை அளவை அன்றோ என்பதே அம்முறையீடு. ஆத்திரப்படாமல் இதை ஆராய்வது நம் கடமை.

நிகழ்ந்தவற்றை முதலில் நோக்குவோம். 2011 ஜனவரியில் இங்கிலாந்தின் ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் பணியாற்றிய ஆண்டி கிரே, ஒலிவாங்கி அடங்கியிருப்பதாக எண்ணி, கால்பந்தாட்டத்தின் துணை நடுவரான ஷான் மாஸி என்ற பெண்ணை இகழ்ந்து பேசினார். பெண்களுக்கு ஆட்ட விதி தெரியாது என்பது அவ்விகழ்ச்சியின் சாரம். பின்னர், உடன் பணிபுரிந்த மற்றொரு பெண்ணிடம் அவர் ஆபாசமாகப் பேசிய பதிவும் வெளிவந்தது. அவர் பணி நீக்கப்பட்டார்.

2019 ஜனவரியில் நம் நாட்டின் கிரிக்கெட் வீரர்கள் ஹார்திக் பாண்டியா, கே.எல். ராகுல் இருவரும் தோன்றிய தொலைக்காட்சி உரையாடலில், பெண்களைப் பற்றி இழிவான பேச்சு எழுந்தது. ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவிலேயே அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். இரண்டு வாரங்களுக்குள் தடை நீங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் நீதியரசர் டி.கே. ஜெயின் ஒவ்வொருவருக்கும் 20 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்.

2024 டிசம்பரில் பிரிஸ்பேன் நகரில் ஆட்டத்தை வருணித்துக்கொண்டிருந்த ஈஷா குஹா என்ற பெண்மணி, பந்துவீச்சாளர் ஜஸ்பிரீத் பும்ராவைப் புகழ முற்பட்டு, குரங்கினத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை ஆண்டுவிட்டார். 2008இல் சிட்னி ஆட்டத்தில் ‘குரங்கு’ என்ற சொல்லால் மூண்ட பூசலை அறிந்தவர்களுக்கு அது எத்தனை கூரியது என்பது விளங்கும். மறுநாளே அதே நேயர்கள் முன் அவர் மன்னிப்புக் கேட்டார். பணியில் நீடித்தார்.

மேலோட்டமாகப் பார்ப்பவர், ஆணுக்கு வெளியேற்றம், பெண்ணுக்கு மன்னிப்பு என்றே முடிவு கட்டுவார். நிறுத்துப் பார்ப்பவர் அவ்வாறு சொல்லார். கிரேயின் குற்றம் ஒருமுறையோடு நிற்கவில்லை. குஹாவின் சொல் ஒன்றே. புகழும் எண்ணத்தில் பிறந்த பிழை வேறு. இகழும் எண்ணத்தில் பிறந்த பேச்சு வேறு. தயங்காமல் வருந்தியதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆண்கள் எல்லோரும் வெளியேற்றப்படுகிறார்கள் என்பதும் உண்மையன்று. 2016இல் ஆஸ்திரேலியாவில், தம்மைப் பேட்டி கண்ட பெண்ணிடம் ஒளிபரப்பின்போதே முறைகேடாகப் பேசிய கிறிஸ் கெய்லுக்குக் கிடைத்தது 10,000 டாலர் அபராதம் மட்டுமே. அவர் தொடர்ந்து ஆடினார்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. குஹா சொன்ன அதே சொல்லை ஓர் ஆண் சொல்லி, அதே விதமாக மறுநாள் வருந்தியிருந்தால், அவருக்கும் அதே பொறுமை காட்டப்பட்டிருக்குமா? ‘ஆம்’ என்று நெஞ்சாரச் சொல்ல முடிந்தால் மரக்கால் ஒன்று. சொல்ல முடியாவிட்டால் இரண்டு.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தையும் சிலர் இரட்டை அளவை என்கின்றனர். விளையாட்டு அரங்கங்களையும் பயிற்சிக் கூடங்களையும் பணியிடமாகவே கொள்ளும் அச்சட்டத்தின்கீழ்ப் பெண் மட்டுமே முறையிட இயலும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடக் கரையில் மணல் மூட்டை அடுக்குவோர், கரை நலிந்த இடத்தில்தான் அடுக்குவர். உறுதியான கரைக்கு அது அநீதி ஆகாது. நலிந்தவருக்குத் தனிக் காவல் தருவது நீதத்தின் ஒரு பகுதி. ஆனால் காவல் வேறு, தீர்ப்பு வேறு. குற்றம் நிறுவப்பட்டபின் தண்டனையை அளக்கும் மரக்கால் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

மார்க்கம் நமக்குக் காட்டும் நெறியும் இதுவே. ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பரிகாசத்தைத் தடுக்கையில், ஆண்களுக்கு ஒருமுறை விலக்கியதோடு நிற்காமல், பெண்களையும் தனியே குறிப்பிட்டு விலக்குகிறது. அன்னை ஆயிஷா (ரலி) மீது அவதூறு பரப்பப்பட்டபோது, அதில் சிக்கியவர்களுள் மிஸ்தஹ், ஹஸ்ஸான் என்ற இரு ஆண்களும், ஹம்னா என்ற பெண்ணும் இருந்தனர். மூவருக்கும் ஒரே தண்டனை நிறைவேற்றப்பட்டது என்பது ஹதீஸ் அறிவிப்பு. பெண் என்பதால் குறைக்கவும் இல்லை. ஆண் என்பதால் கூட்டவும் இல்லை.

வரலாறு அத்துடன் முடியவில்லை. மிஸ்தஹ் ஏழை, ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆதரவில் வாழ்ந்த உறவினர். தம் மகளைத் தூற்றியவருக்கு இனிச் சோறிடுவதில்லை என்று அபூபக்ர் சத்தியம் செய்தார். ‘அந்நூர்’ அத்தியாயத்தின் 22ஆம் வசனம் இறங்கி, மன்னிக்குமாறு பணித்தது. நிறுத்திய உதவி மீண்டும் தொடர்ந்தது. தண்டனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், தண்டனை முடிந்தபின் ஒருவருடைய உணவைப் பறித்தல் ஆகாது என்பதும் இதனால் விளங்குகின்றன. ஆணுக்கு இழைக்கப்பட்ட மிகையைக் காட்டிப் பெண்ணுக்கும் அதே மிகையை வேண்டுவது நீதம் ஆகாது. பெண்ணுக்குக் கிடைத்த மன்னிப்பை, வருந்தித் திருந்தும் ஆணுக்கும் வேண்டுவதே நீதம்.

இறுதியாக, தொலைதூர அரங்கங்களை விட்டு நம் வயலுக்கும் வீட்டுக்கும் வருவோம். நடவுக்கு வந்த பெண்ணை நோக்கி மேற்பார்வை செய்பவர் கூசும் சொல் சொன்னால், ‘விளையாட்டாகச் சொன்னார்’ என்கிறோம். அவள் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னாலோ ‘வாயாடி’ என்கிறோம். மகனின் ஏளனம் கேட்டுச் சிரிக்கும் வீட்டில், மகளின் ஏளனத்துக்கு அடி விழுகிறது. விளையாட்டுத் துறையின் இரட்டை அளவையைக் குறைகூறும் ஆடவர், தம் வீட்டு மூலையில் இருக்கும் இரண்டாவது மரக்காலை எடுத்து உடைத்துவிட்டுப் பேசட்டும். அப்போது அவர் சொல்லுக்கு எடை உண்டாகும்.

நம் நாவைக் காத்து, அளப்பதில் நேர்மையைத் தந்து, வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.