தட்டைப் புவிக் கொள்கையும் வீழ்ச்சியின் காரணமும்

கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையில் மேகம் அருவி பாறையினின்று வீழ்கின்றது. அந்நீர் கீழ்நோக்கியே வீழ்தற்குக் காரணம் யாது? புவியின் ஈர்ப்பே என்பது வானூலார் துணிபு. புவியைத் தட்டையெனக் கொள்வார் இதனை உடன்படார். தட்டுக்கு ஈர்ப்புண்டெனின், அதன் ஓரத்தில் விடும் பொருள் நடுவை நோக்கிச் சாய்ந்து வீழ்தல் வேண்டும். அங்ஙனம் யாண்டும் காணப்படாமையின், அவர் வேறு காரணம் தேடுவாராயினர்.

செறிவு மிக்க பொருள் தாழும், குறைந்தது எழும், ஈர்ப்பு வேண்டா என்பர் ஒருசாரார். செறிவுக்குத் திசையில்லை, மேல் கீழ் என்னும் வேறுபாட்டை அது தரமாட்டாது. 1971-இல் காற்றில்லாத நிலவின் தரையில் டேவிட் ஸ்காட் என்னும் விண்வெளி வீரர் சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விட்டார். இரண்டும் ஒருங்கே வீழ்ந்தன.

பொருள் வீழ்வதில்லை, புவித்தட்டே இடையறாது விரைவு மிகுந்து மேலெழுந்து அதனைத் தொடுகின்றது என்பர் மற்றொருசாரார். அது உண்மையாயின் வீழ்ச்சியின் அளவு எங்கும் ஒன்றாதல் வேண்டும். வீழ்பொருளின் விரைவோ ஒவ்வொரு நொடியும் நடுக்கோட்டில் நொடிக்கு 9.78 மீட்டரும், துருவத்தில் 9.83 மீட்டரும் மிகுகின்றது. 1672-இல் ரிச்சர் என்னும் பிரெஞ்சு அறிஞர் பாரிசினின்று நடுக்கோட்டை அடுத்த கயேனுக்குச் சென்றபோது, அவர்தம் ஊசற் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கிற்று. ஒரே தட்டு ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் மெல்லவும் எழுமாயின், அது பிளவுண்டு சிதறுமன்றோ?

இத்தகைய வாதம் பாரத நாட்டுக்குப் புதிதன்று. புவி ஓயாது கீழே வீழ்கின்றது என்ற பௌத்தரை, 1150-இல் இயற்றிய சித்தாந்த சிரோமணியில் பாஸ்கராசாரியர் மறுத்தார். மேலே எறிந்த பொருள் மீண்டும் புவியை அடைதலே அவர் காட்டிய சான்று. புவி உருண்டையென்றும் ஈர்க்கும் ஆற்றல் உடையதென்றும் கொண்ட அவர், மேருவைத் துறந்தாரல்லர். அதனை வடதுருவத்தில் வைத்தார்.

புவி உருண்டையெனின் புராணம் பொய்படுமோ என அஞ்சுவார் இதனை நோக்குக. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றளவையும் சைவசித்தாந்தத்துக்கு உடன்பாடு. காண்டலும் கருதலும் தெளிவுறக் காட்டிய பொருளில், அவற்றை மறுத்து உரையை நிறுத்த முயல்வது உரைக்கே இழுக்காம். நிலமும் அதன் ஈர்ப்பும் மாயையின் காரியமாகிய சடம். அதன் வடிவு யாதாயினும் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை சிறிதும் குன்றாது. ஆதலின், கண்டதை மறைத்துத் தன் கோள் நிறுத்தல் பத்தியன்று. ஆணவத்தின் செயலேயாம் என்க.