வரைந்த உண்மை, எழுதிய உண்மை

கண்ணுக்குத் தெளிவு தருவது வடிவியல். கண் எட்டாத இடத்திற்கும் கைபிடித்து அழைத்துச் செல்வது இயற்கணிதம். இரண்டாம் அடுக்கைச் சதுரமாக வரையலாம், மூன்றாம் அடுக்கைக் கனசதுரமாகச் செய்து பார்க்கலாம். நான்காம் அடுக்குக்கு வரைய வடிவமில்லை. இயற்கணிதத்தின் எழுத்து அங்கேயும் தயங்காமல் நடந்தது.

1591-இல் கணித அறிஞர் வியத், தெரிந்த அளவுக்கும் தெரியாத அளவுக்கும் எழுத்துகளை வைத்தார். 1637-இல் தெக்கார்த், வளைகோடுகளைச் சமன்பாடுகளால் ஆராயும் வழியை உலகுக்குத் தந்தார். கூம்பை வெட்டிப் பெற்ற பரவளையம் ஒற்றை வரிக்குள் அடங்கியது. ஆனாலும் 1687-இல் நியூட்டன் கோள்களின் இயக்கத்தைப் படங்களின் துணையோடுதான் நிறுவினார். 1788-இல் லக்ராஞ்சு, தம் இயக்கவியல் நூலில் படமே இராது என்று முன்னுரையிலேயே அறிவித்தார். ஒருவர் வரைந்து கண்டார். மற்றவர் எழுதிக் கண்டார். இருவரும் தொட்டது ஒரே இயற்கையை.

படம், உண்மை நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. சமன்பாடு, அந்த உண்மை செல்லும் தூரத்தைக் காட்டுகிறது. படத்தை மட்டும் நம்பினால் பார்வையின் எல்லையில் நின்றுவிடுவோம். குறியீட்டை மட்டும் நம்பினால் விடை வந்து சேரும், விளக்கம் வழியிலேயே தங்கிவிடும்.

வாழ்விலும் அப்படித்தான். நேரில் காண்பதற்கு ஒரு தெளிவு உண்டு. எண்ணி அறிவதற்கு ஒரு நீளம் உண்டு. ஒரு வழியில் கிடைத்த உண்மையை மறுவழியிலும் அடையாளம் காணும்போதுதான் அது முழுதாக நம்முடையதாகிறது.