குரலுக்கு உரியவர் யார்?

ஒருவர் பாடிய குரலை அதன் இசையினின்று பிரித்தெடுத்து, வேறோர் இசையின்மீது பொருத்தி, புதிய பாடலென உலவவிடுவது முறையாகுமா? ஹிப்ஹாப் இசையுலகில் நெடுங்காலமாக நடந்துவரும் இவ்வழக்கம், பிறர் பொருளைக் கையாள்வது பற்றிய பழைய வினாவையே புதிதாக எழுப்புகிறது.

ராப் என்பது தாளத்தோடு சொல்லப்படும் சொற்பெருக்கு. கருவியிசையை நீக்கிவிட்டாலும் குரலுக்குள்ளே தாளம் நின்றுகொண்டிருக்கும். அத்தனிக் குரலை எடுத்தாள்பவர், நிமிடத்திற்கு எத்தனை தட்டுகள் என எண்ணி, புதிய இசையின் வேகத்தை அதற்கு இணையாக்கி, சொல்லையும் தட்டையும் ஒன்றுசேர்க்கிறார். சிறிது பிசகினாலும் செவி கண்டுகொள்ளும். ஆகவே இதனை வெறும் ஒட்டுவேலை என்று ஒதுக்க இயலாது.

2003-இல் அமெரிக்க ராப் கலைஞர் ஜே-ஸீ ‘பிளாக் ஆல்பம்’ என்னும் கறுப்புத் தொகுப்பை வெளியிட்டார். அதன் குரல்கள் மட்டுமே அடங்கிய பதிப்பும் வெளிவந்தது. 2004-இல் டேஞ்சர் மௌஸ் என்பவர் அக்குரல்களை, பீட்டில்ஸ் குழுவினரின் 1968-ஆம் ஆண்டு ‘வெள்ளைத் தொகுப்பி’லிருந்து வெட்டியெடுத்த ஒலித்துணுக்குகளோடு கலந்தார். கறுப்பும் வெள்ளையும் கலந்தமையால் ‘கிரே ஆல்பம்’, அதாவது சாம்பல் தொகுப்பு, எனப் பெயரிட்டார். பீட்டில்ஸ் ஒலிப்பதிவுகளின் உரிமையைக் கொண்டிருந்த ஈ.எம்.ஐ. நிறுவனம் அதனை நிறுத்துமாறு கடிதம் விடுத்தது. அதை எதிர்த்து, 2004 பிப்ரவரி 24 அன்று நூற்றுக்கு மேற்பட்ட இணையதளங்கள் அத்தொகுப்பை இலவசமாக வழங்கின.

நியாயம் யார் பக்கம்? ‘விலைக்கு விற்கவில்லையே’ என்பர் சிலர். அயலார் தோட்டத்துக் கனியைப் பறித்துத் தருமம் செய்தாலும் கனி அயலாருடையதே அன்றோ! ‘அழகாக அமைந்ததே’ என்பர் வேறு சிலர். அழகு உழைப்புக்குச் சான்றாகும், உரிமைக்குச் சான்றாகாது.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி, தமக்கு அதில் மனக்குறை இல்லையென்றும், பொறுக்காதது நிறுவனமே என்றும் பின்னாளில் கூறினார். ஆக, ஒரே பாடலில் இருவேறு உரிமைகள் உறைகின்றன. ஒன்று உடைமையாளருக்கு உரியது. அதனை விலை கொடுத்துத் தீர்க்கலாம். மற்றொன்று படைத்த மனிதருக்கு உரியது. அதனை அவர் மனம் ஒப்பினாலன்றித் தீர்க்க இயலாது.

இன்று இவ்வினா மேலும் கூர்மையடைந்துள்ளது. அன்று குரலைத் தனியே பெறுவதற்குப் பெரும்பாலும் கலைஞரே அதனை வெளியிட வேண்டியிருந்தது. இன்றோ, எந்தப் பாடலிலிருந்தும் குரலைக் கணினி பிரித்துத் தருகிறது. முன்பு கதவைத் திறந்துவிட்டவரின் வீட்டிற்குள் சென்றோம். இப்போது எல்லாப் பூட்டுக்கும் சாவி நம் கையிலேயே இருக்கிறது. சாவி இருப்பது அனுமதி ஆகாது.

குரல் ஓர் அமானிதம். அதனைக் கலப்பவர், எவருடைய குரல், எவருடைய இசை என்பதை மறைக்கலாகாது. சொன்னவர் கருதாத பொருளை அவர் வாயில் ஏற்றலாகாது. உரியவர் எதிரே அமர்ந்திருக்க, தலை தாழாமல் அப்பாடலை ஒலிக்கவிட முடியுமா? கலப்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.