பிறர் பெற்ற பரிசு

ஒருவர் பரிசு பெறுகிறார். அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டறியாத மற்றொருவர் அதைக் கேட்டு மகிழ்கிறார். மகிழ்வதோடு அமையாமல் அண்டை வீட்டாரை அழைத்துச் சொல்கிறார். வழியில் கண்டவரை நிறுத்திச் சொல்கிறார். பரிசு பெற்றவருக்கு இவருடைய பெயர் தெரியாது. இவர் மகிழ்ந்ததும் தெரியப் போவதில்லை. பரிசுப் பொருளில் இவருக்குப் பங்கும் இல்லை. ஆயினும் அன்று முழுவதும் இவர் நடையில் ஒரு மிடுக்கு இருக்கிறது. இம் மகிழ்ச்சியை என்னவென்று கொள்வது? இஃது அறியாமையா, அன்றி ஓர் அறமா?

கற்பனையாகக் கேட்கப்படும் வினா அன்று இது. 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா நடைபெற்றது. பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' அங்குத் திரையிடப்பட்டது. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இசையமைத்த ஜி. இராமநாதனும் பரிசு பெற்றார். தமிழ்நாட்டு நாடக மேடைகளில் சிறுவனாக வேடமிட்டு வளர்ந்த ஒருவர், தமிழறியாத நடுவர்கள் முன்னிலையில், நைல் ஆற்றங்கரை நகரில் முதல்வராக நின்றார்.

அச் செய்தி கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கிற்குத் தெற்கே உள்ள செமினி, அந்நாளில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அவசரகாலம் இன்னும் நீங்கவில்லை. அவ்வாண்டு சூலை 31ஆம் நாள்தான் அது முடிவுக்கு வந்தது. இத்தகைய ஊர்களுக்கு வெளியுலகச் செய்தி வானொலி வழியாகவும் நாளேடு வழியாகவுமே வந்து சேர்ந்தது. 'தமிழ் நேசன்' ஏடாயினும் 'தமிழ் முரசு' ஏடாயினும் ஒரு தாள் பல கைகளுக்கு மாறும். எழுத்தறிந்தவர் உரக்கப் படிப்பார், சூழ்ந்திருப்போர் கேட்பர், கேட்டவர் அடுத்த லயத்திற்குக் கொண்டு செல்வர். பொழுது புலருமுன் பெரட்டுக்கு எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டிப் பால்மரம் வெட்டி, நண்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் வந்ததில்லை. கிராணியின் கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. அத்தகையவர்கள் கெய்ரோவில் ஒரு தமிழருக்குக் கிடைத்த சிறப்பைத் தம் வீட்டுத் திருமணம் போலக் கொண்டாடினர். அப்படத்துக்குச் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய உரையாடலைத் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் மேடைதோறும் முழங்கியது அதன் பின்னர்ப் பல்லாண்டுகளுக்கு நீடித்தது.

இதனைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு. இலை போடாத பந்திக்கு ஏப்பம் விடுவது போன்றது இது என்பது அவர்கள் வாதம். தன் பிள்ளையின் படிப்பைக் கவனியாதவன், தன் குடிலின் ஒழுகும் கூரையை மாற்றாதவன், எவனோ பெற்ற பரிசுக்கு இனிப்பு வழங்குகிறான். பிறர் புகழில் மயங்குபவன் தன் வாழ்வை மறக்கிறான் என்பர். எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று. வாங்கிய கூலியைப் படக்கொட்டகையில் விட்டுவிட்டு வந்த குடும்பத் தலைவர்கள் இருந்தனர். அவர்தம் மனைவியர்க்கு இவ்வாதத்தின் உண்மை நன்கு தெரியும்.

எனினும் அதே 1960ஆம் ஆண்டு மற்றொரு செய்தியையும் வைத்திருக்கிறது. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, தலைமுறையாக உழைத்தவர்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவ்வாண்டு மே 14ஆம் நாள் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் ஒவ்வொருவரும் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி, நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெறலாம். அப்பணத்தைத் திரட்டித் தோட்டத்தையே விலைக்கு வாங்குவது என்பது திட்டம். அன்றையக் கூலியில் பத்து வெள்ளி சிறு தொகை அன்று. முதலில் வாங்கப்பட்டது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். கெய்ரோச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்த மக்கள் வேறு, பத்து வெள்ளி கொடுத்த மக்கள் வேறு அல்லர். ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று சொல்வது மிகை. ஆனால் பிறர் சிறப்பில் மகிழும் உள்ளம் தன் கடமைக்கு உதவாது என்று அறுதியிட்டவர்கள், அம்மக்களை முழுமையாகக் காணவில்லை என்பது மட்டும் உறுதி.

அப்படியாயின் அம் மகிழ்ச்சிக்கு என்ன பெயர்? தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தாய், அவனைப் பெற்ற நாளினும் மகிழ்வாள் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. அவளுக்குக் குருதித் தொடர்பு உண்டு. இரசிகருக்கு அதுவும் இல்லை. கண்டு பழகாமலே தோன்றும் அன்புக்குத் தமிழ்ப் புலவர்கள் காட்டும் சான்று பிசிராந்தையார். பாண்டிய நாட்டுப் புலவரான அவர், உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனை நேரில் கண்டதில்லை. மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் வெறுத்துச் சோழன் வடக்கிருந்தபோது, தன் அருகில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். சூழ்ந்திருந்தோர் ஐயுற்றனர். புலவர் வந்து சேர்ந்தார். உடன் உயிர் நீத்தார்.

இக்கதையை இரசிகர்க்கு அப்படியே பொருத்திக் காட்டும் மேடைப் பேச்சாளர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சோழன் இடம் ஒதுக்கி வைத்தான். காணாத நட்பாயினும் அஃது இருவர் உள்ளத்திலும் இருந்தது. இருவரும் அதனை அறிந்தும் இருந்தனர். செமினித் தோட்டத்துத் தொழிலாளிக்குக் கெய்ரோவில் எவரும் இடம் ஒதுக்கவில்லை. கிரேக்க அறிஞர் அரிசுடாட்டில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தார். ஒருவர் மற்றொருவரின் நலத்தை விரும்புவது மட்டும் நட்பாகாது. அவ்விருப்பம் இருபாலும் தோன்றி இருவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஒருபால் மட்டும் நிற்பது நல்லெண்ணமே என்பது அவர் கருத்து. போட்டிக் களத்தில் மோதுவோரைக் காண்பவர் உள்ளத்தில் அந்நல்லெண்ணம் திடீரெனப் பிறக்கும். ஆயினும் காண்பவர் அவர்க்காக ஒன்றும் செய்ய முன்வரார் என்றும் அவர் சேர்த்துரைத்தார்.

அங்கேதான் இரசிகர் அறிஞரின் வகுப்புக்குள் அடங்காமல் நிற்கிறார். அவர் ஒன்று செய்கிறார். செய்தியைச் சுமந்து செல்கிறார். வேலை முடிந்த களைப்போடு அடுத்த தோட்டம் வரை மிதிவண்டி மிதித்துச் சென்று ஒருவர் அதனைச் சொன்னால், அது வெறும் எண்ணமாக நிற்கவில்லை, செயலாகிவிட்டது. கைம்மாறு கருதாச் செயல் என்று பாடநூல்களில் படிப்பதற்கு எடுத்துக்காட்டாக மழையைச் சொல்வதுண்டு. இவரையும் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை.

செய்தி சுமப்பவருக்கு ஒரு கடமையும் உண்டு. கெய்ரோவில் நடந்தது இரு கண்டங்களின் விழா. ஒரு வாயிலிருந்து மறுவாய்க்குச் செல்லும்போது 'ஆசிய ஆப்பிரிக்க' என்னும் சொல் உதிர்ந்து, 'உலகிலேயே' என்னும் சொல் வந்து ஒட்டிக்கொள்வது மிக எளிது. இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கத் தோன்றும். பரிசு பெற்றவருக்கே தீங்கு. அவர் உழைத்துப் பெற்றதைக் கழற்றிவிட்டு, அவர் பெறாத ஒன்றை அணிவிப்பதாகும் அது. அவ்வாறு மிகைப்படுத்துபவர் தம் மகிழ்ச்சியைப் பெருக்கிக்கொள்ளவே பொய்யைச் சேர்க்கிறார். அந்த அளவுக்கு அது நடிகரை விட்டு நீங்கித் தம்மைப் பற்றியதாகிவிடுகிறது.

இதனினும் கடுமையான சோதனை வேறொன்று இருக்கிறது. சிவாஜி இரசிகர், எம்.ஜி.ஆர். இரசிகர் என்று ஊர்கள் பிரிந்து கிடந்த காலத்தில், 1971ஆம் ஆண்டுக்குரிய சிறந்த நடிகருக்கான இந்தியத் தேசிய விருது 'ரிக்சாக்காரன்' படத்திற்காக எம்.ஜி.ஆருக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைச் சிவாஜி கணேசன் தம் வாழ்நாளில் பெறவே இல்லை. 2001இல் அவர் மறையும் வரை அது அவர் இரசிகர்களின் ஆறாத குறையாக இருந்தது. கெய்ரோச் செய்தியைத் தோட்டந்தோறும் கொண்டு சென்றவர், இந்தச் செய்தியையும் அதே விரைவோடு கொண்டு சென்றிருப்பாரா? கலையின் உயர்வே தம்மை மகிழ்வித்தது எனில் இதுவும் மகிழ்விக்க வேண்டும். தமிழரின் பெருமையே எனில் இதுவும் தமிழ்ப் படத்துக்குக் கிடைத்ததே. இரண்டும் இல்லாமல், என் கட்சி வென்றது என்பதே முன்பு மகிழ்ச்சியாக இருந்திருந்தால், இன்று வாய் மூடிக்கொள்ளும். அவ்வாறு மூடிக்கொண்ட வாய்கள் இருதரப்பிலும் பல என்பதை அக்காலத்தில் தேநீர்க்கடையில் அமர்ந்தவர் எவரும் அறிவர்.

காலம் மாறியபின் செய்தி செல்லும் வழியும் மாறியது. செமினித் தோட்டங்கள் பலவற்றின் இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. 2005இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் அங்கு வந்தது. 2024இன் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத் திரைப்பட விழாவில் 'விடுதலை', 'ஏழு கடல் ஏழு மலை' ஆகிய படங்கள் திரையிடப்பட்டன; அடுத்துப் பெர்லின் விழாவில் 'கொட்டுக்காளி' இடம்பெற்றது. மூன்றிலும் நடித்தவர் சூரி. மதுரை வட்டாரத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்து, கூலி வேலைகள் செய்து, 2009இல் 'வெண்ணிலா கபடிக் குழு' படத்தில் புரோட்டா தின்னும் காட்சியால் சிரிக்கவைத்து அறியப்பட்டவர், அயல்நாட்டு அரங்கில் படக்குழுவினரோடு நின்ற படங்கள் கைப்பேசிதோறும் பறந்தன. மிதிவண்டி மிதிக்க வேண்டிய தேவை இல்லை. விரல் அசைந்தால் போதும். முயற்சி குறைந்துவிட்டது என்பதற்காக மகிழ்ச்சியின் தரமும் குறைந்தது என்று முதியவர்கள் சொல்வது நேர்மையாகாது. கூலி வேலை செய்தவரின் மகன் ஒருவன் அப்படத்தைப் பார்த்து உள்ளம் நிமிர்ந்தால், அவன் பாட்டன் 1960இல் நிமிர்ந்ததற்கு அது குறைந்ததன்று.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். கெய்ரோவும் ரோட்டர்டாமும் தொலைவில் உள்ளவை. அழுக்காறு தொலைவில் உள்ளவர் மீது எளிதில் எழுவதில்லை. பக்கத்து வீட்டார் மீதே எழும். நட்சத்திர நடிகர் உயர்ந்தால் எவரும் தம் உயரத்தை அளந்து பார்ப்பதில்லை. ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்தவன் உயர்ந்தால் அளவுகோல் தானே கைக்கு வந்துவிடுகிறது. எதிர்வீட்டுப் பெண் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றாள் என்னும் செய்தி, எத்தனை வீட்டுக்கு எத்தனை விரைவில் சென்றது? அதைச் சொல்லும்போது குரலில் எத்தனை மிடுக்கு இருந்தது? வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது, காணாதவரை மனத்தில் வைத்து இருக்க முடியாது. தொலைவில் இருப்பவர்க்காக மகிழும்போது அவ்வதிகாரம் இன்னும் தேர்வுக்கு வரவில்லை.

2015இல் 'ஜகாட்' என்னும் தமிழ்ப் படம் மலேசியாவில் வெளிவந்தது. இயக்கியவர் சஞ்சை குமார் பெருமாள். தோட்டத்தை விட்டு வெளியேறி, நகரோரக் குடியிருப்பில் வேர் பிடிக்க முடியாமல் தவித்த குடும்பங்களின் கதை அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிகழ்கிறது. அப்போய் என்னும் சிறுவனின் கண் வழியே சொல்லப்படுகிறது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. இம்முறை பரிசு பெற்றவர் நைல் ஆற்றங்கரையில் இல்லை. படத்தில் வருவோரின் பேச்சு, செமினிக் கடைத்தெருவில் கேட்கும் பேச்சு. அவர்கள் விட்டு வந்த தோட்டம், சாலையின் அடுத்த திருப்பத்தில் இருந்த தோட்டம் போன்றது. அந்தச் செய்தியைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் அண்டை வீட்டாரை அழைத்துச் சொன்னார்கள் என்பதை, அந்தந்த அண்டை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.