தொட்டி எலுமிச்சையும் நம் கடனும்

காஜாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கஸ்தூரி எலுமிச்சை ஒன்று தொட்டியில் நின்றது. தோட்டப்புற லயத்து வீட்டை விட்டு வெளியேறிய நாளில் என் தாயார் கையோடு கொண்டுவந்த பதியன் அது. மண்ணில் வேரோட வேண்டிய உயிரை நான்கு சுவர்களுக்குள் நிறுத்துவது அன்பா, ஆதிக்கமா?

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை வகுப்பில் வள்ளல் என்று கற்பிக்கிறோம். அவன் அக்கொடியைப் பெயர்த்து அரண்மனைக்குக் கொண்டு செல்லவில்லை. அது தவித்த இடத்திலேயே தேரை நிறுத்திச் சென்றான். கொடியின் தேவையைக் கண்டானேயன்றித் தன் ஆசையைக் கண்டானல்லன்.

அவ்வாறாயின் தொட்டியில் வளர்ப்பதே தீதோ? அன்று. நம் முன்னோர் பால்வெட்டிய ரப்பர் மரமும் பெயர்த்து நடப்பட்டதே. பிரேசில் நாட்டு விதைகள் 1876இல் இலண்டனின் கியூ பூங்காவில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறும்போது மரத்தை அங்கேயே விட்டுவருவது அதனை அழிவுக்கு ஒப்படைப்பதாகும். அப்போது தொட்டி, உயிர் காக்கும் தோணி.

ஆனால் கூடத்துக்குள் வைப்பது வேறு செய்தி. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆரஞ்சு மரங்களுக்கெனத் தனி மாளிகை எழுப்பினர். குளிர்காலத்தில் மரங்கள் உள்ளே இருக்கும். கோடையில் பெட்டியோடு வெளியே வரும். அங்கே கூரை உறைபனியினின்று காத்தது. காஜாங்கோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று பாகையில் உள்ளது. இங்கே உறைபனி ஏது? கூடத்துள் வைத்தது மரத்தின் தேவைக்கன்று. என் கண்ணின் களிப்புக்கே.

மழையைக் கூரையால் மறித்தவன் நீருக்குக் கடன்பட்டவன். வெயிலை மறித்தவன் நாளுக்கு ஆறு மணி நேர ஒளிக்குக் கடன்பட்டவன். வேரை அடைத்தவன் புதுமண்ணுக்கும் உரத்துக்கும் கடன்பட்டவன். தானே தேடிக்கொள்ளும் வாய்ப்பை ஓர் உயிரிடமிருந்து எடுத்துக்கொண்டால், அது தேடியிருக்கக்கூடியவை யாவற்றையும் தரும் பொறுப்பு நம்முடையதாகிறது.

நானோ நீரை மட்டும் நாள்தோறும் ஊற்றினேன். மிகுநீரால் வேர் அழுகத் தொடங்கியது. இலைகள் வெளுத்து உதிர்ந்தன. "வெயிலைக் காட்டாமல் வெறும் தண்ணீர் ஊற்றி என்ன பயன், தம்பி?" என்றார் தாயார். அன்றுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். வேளை தவறாமல் உணவு. பேசுவதற்கு ஓர் ஆளில்லை. பகல் முழுவதும் அவரும் அதே கூடத்தில்தான் இருந்தார்.

மரத்தைச் சன்னலோரத்தில் சில நாள் வெயிலுக்குப் பழக்கி, பின்னர் முன்மாடத்தில் வைத்தேன். மாலைதோறும் தாயாரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே தோட்டத்துப் பழைய தோழியர் இருவர் அவருக்காகக் காத்திருப்பர். மரம் துளிர்த்துவிட்டது. தாயாரை இத்தனை நாள் உள்ளே இருத்தியதற்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

பெற்றோரும் ஆசிரியரும் மக்களுக்கு எல்லை வகுக்கின்றனர். வளர்ந்த மக்கள் முதியோருக்கு எல்லை வகுக்கின்றனர். வகுக்குமுன், அவ்வெல்லை யாருடைய நலத்துக்கு என்று தம்மையே வினவுதல் வேண்டும்.