பாதிப் படம்

2007 மே மாதம் ‘ஸ்பைடர்மேன் 3’ வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். பெரிய முதலியார்சாவடியில் பஸ் ஏறி, கோட்டக்குப்பம் தாண்டி, பாண்டியில் இறங்கி, மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தோம். தமிழில் பேசும் ஸ்பைடர்மேன். விடிவதற்கு முன் கடலுக்குப் போகவேண்டும் என்று, படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போதே சித்தப்பா எழுந்துவிட்டார். திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்தபடியே அவர் பின்னால் நடந்தேன்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. சிறையிலிருந்து தப்பி ஓடும் ஃபிளின்ட் மார்க்கோ, ஓர் ஆய்வுக்கூடத்தின் மணற்குழியில் விழுகிறான். எந்திரம் சுழல, அவன் உடம்பு மணலாகச் சிதறிப்போகிறது. பொழுது விடிந்ததும் அந்த மணல் அசைகிறது. ஒரு முதுகு உருவாகி எழப் பார்க்கிறது, சரிகிறது. மறுபடி எழுகிறது. கீழே ஒரு லாக்கெட் கிடக்கிறது. உள்ளே நோயாளி மகளின் படம். எடுக்கப் போனால் விரல்கள் உதிர்ந்துவிடுகின்றன. மகளின் முகத்தைத் தொடுவதற்காகவே அந்த மணல் கையாகக் கற்றுக்கொள்கிறது. இத்தனைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கிறிஸ்டோபர் யங்கின் இசை மட்டும். கடற்கரையில் பிறந்த எனக்கு மணலை அதற்கு முன் யாரும் அப்படிக் காட்டியதில்லை. பக்கத்தில் சித்தப்பா வாயில் போட்ட கடலையை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. படத்தை முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு முறை, கல்லூரிக் காலத்தில். 139 நிமிடத்தில் மூன்று பகைவர்கள். பழைய நண்பன் ஹாரி ஒரு பக்கம், மணல் மனிதன் ஒரு பக்கம், கருப்பு உடையிலிருந்து பிறக்கும் வெனம் ஒரு பக்கம். வெனம் என்ற பாத்திரத்தில் இயக்குநர் சாம் ராய்மிக்கு மனம் ஒட்டவில்லை. தயாரிப்புத் தரப்பு வற்புறுத்தியதால் உள்ளே வந்தது. தான் நம்பாத பாத்திரங்களை வைத்து எடுத்ததுதான் தவறு என்று ராய்மியே பின்னாளில் மனம் திறந்து ஒப்புக்கொண்டார். மணலில் கை முளைப்பதைக் காட்டத் தெரிந்தவர் அதே படத்தில் இப்படித் தடுமாறியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முழுக்க மோசமான படத்தை நண்பர்களோடு உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். நல்ல படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தப் பாதிப் படங்கள்தான் வலிக்கின்றன. முதல் முறை பார்க்கும்போது ‘இனிமேல் வரும், இனிமேல் வரும்’ என்ற எதிர்பார்ப்பு ஓட்டைகளை எல்லாம் அடைத்துக்கொண்டே வருகிறது. இரண்டாம் முறை அது இருக்காது. எந்த இடத்தில் படம் கைவிடப்போகிறது என்று தெரிந்துகொண்டே பார்க்கவேண்டும். அதற்கு முன் வரும் நல்ல காட்சியிலும் அந்த நிழல் விழுந்துவிடுகிறது.

நம் ஊர் நாயகர்களிடமும் இதே துக்கம் எனக்கு உண்டு. 2009இல் வந்த ‘கந்தசாமி’. திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் ஏழைகள் தங்கள் குறையை எழுதிக் கட்டுகிறார்கள். சேவல் வேடத்தில் ஒருவன் வந்து தீர்த்துவைக்கிறான். முருகன் கொடியில் இருக்கும் சேவல்! வெளிநாட்டு வௌவாலையும் சிலந்தியையும் பார்த்துக் கடன் வாங்காமல், வேண்டுதல் என்ற நம் பழக்கத்திலிருந்தே ஒரு நாயகனைப் பிறப்பித்த யோசனை அது. அந்தச் சீட்டுகளையும் அவற்றைக் கட்டிய மனிதர்களையுமே மூன்று மணி நேரம் காட்டியிருக்கலாம். படம் அவர்களை மரத்தடியில் விட்டுவிட்டு மெக்சிகோவுக்குப் போய்விட்டது. மிஷ்கினின் ‘முகமூடி’ 2012இல் வந்தது. ஜீவாவும் செல்வாவும் வரும் குங்ஃபூ பள்ளிக் காட்சிகளில் ஆசானுக்கும் மாணவனுக்கும் இடையே ஓர் அமைதியான மரியாதை இருக்கும். நரேன் சுத்தியலோடு வந்த பிறகு அந்த மரியாதை எங்கோ போய்விடும்.

ஆனால் என்னை மிகவும் அலைக்கழித்தது ‘2.0’. 2018 நவம்பரில் வெளியானது. அப்போது என் அக்கா மகளுக்கு ஏழு வயது. மரக்காணம் கழுவேலியில் பூநாரைகளைக் காட்டப் பலமுறை அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பின்னால் 2021இல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. உப்பளப் பாத்திகளின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவையைப் போலவே நின்று பார்ப்பாள். அவளுக்குப் பட்சிராஜன் கதை எப்படிப் பட்டிருக்கும்! இறந்தே பிறந்ததாக நினைத்த குழந்தை ஒரு சிட்டுக்குருவியால் உயிர் பெறுகிறது. வாழ்நாள் முழுக்கப் பறவைகளுக்காக அலைகிறது. வாசல் வாசலாக ஏறி இறங்கி, யாரும் கேட்காமல், கடைசியில் செல்போன் கோபுரத்தில் தூக்கில் தொங்குகிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் குருவிகளைக் கொல்கிறது என்பது அறிவியல் உறுதி செய்த செய்தி இல்லை. செல்போன் நிறுவனங்களின் சங்கம் படம் வெளிவருமுன்பே தணிக்கை வாரியத்திடம் புகார் செய்தது. அந்த விவாதம் இருக்கட்டும். பட்சிராஜனாக நடித்த அக்‌ஷய் குமாரின் முகத்தில் இருந்த தவிப்பு உண்மையானது.

பிறகு படம் அந்தக் கிழவரை அசுரனாக்குகிறது. அவரை வீழ்த்த, குட்டி எந்திரங்கள் புறாக்களின் மேல் ஏறிவந்து அந்தப் புறாக்களையே பணயம் வைக்கின்றன. அரங்கம் கைதட்டியது. என் மடியில் இருந்தவள் கேட்டாள்: “ஏன் மாமா, அந்தத் தாத்தா நல்லவருதானே? அவரை ஏன் கொல்றாங்க?”

என்னிடம் பதில் இல்லை. இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மழைக்கு ஒதுங்கிய நாட்களில் தம்பிக்குப் படம் போட்டுக்காட்டுவாள். ‘2.0’இல் குருவி வந்து குழந்தை கண் விழிப்பதிலிருந்து தொடங்கி, பெரியவர் கோபுரத்தில் ஏறுவதற்கு முன் நிறுத்திவிடுவாள். மிச்சத்தை அவளே வாயால் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் சொல்லும் கதையில் ஊர்க்காரர்கள் கோபுரத்தடிக்கு ஓடிவந்துவிடுவார்கள்.

ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சித்தப்பாவின் நினைவு வந்தது.

சின்ன வயதில் எங்களுக்கு அகலமான மணல்வெளி இருந்தது. கபடி ஆடினோம், வலை உலர்த்தினோம். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கற்சுவர் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த கரைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பிறகு நாங்கள். மணல் இருந்த பல இடங்களில் இப்போது கருங்கல் கிடக்கிறது. பாட்டி வீட்டு மனையில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மீதிப் பாதிக்கு அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டார்கள். வழக்கு வரை போனது. 2015இல் ஒருநாள் தெருவில் எல்லாரும் பார்க்கச் சித்தப்பா அப்பாவைப் பிடித்துத் தள்ளினார். விழுந்த அப்பா எழுந்திருக்க நேரமாயிற்று. அன்றோடு பேச்சு நின்றது.

அதன்பின் நான் சித்தப்பாவை நினைப்பதே மணல் மனிதன் காட்சியைப் பார்ப்பதுபோல் ஆயிற்று. கடலையை மெல்லாமல் திரை பார்த்த சித்தப்பா, தோளில் தூக்கி அலைக்குள் நிறுத்திய சித்தப்பா. 2015க்கு முன் நிறுத்திக்கொள்வேன். சித்தி மரக்காணத்து உப்பளத்துப் பெண். உப்பு விளைந்ததும் வாரிவிட வேண்டும், அடியில் நிற்கும் கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், ஆசைப்பட்டுக் கடைசித் துளிவரை காயவிட்டால் உப்பே கசந்துபோகும் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதையே எனக்கு நியாயமாக வைத்துக்கொண்டேன். நல்லதை வாரிக்கொண்டு கசப்பை ஓடவிடுவதில் என்ன தப்பு?

படத்துக்கு அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எடுத்து முடித்துப் பெட்டிக்குள் போன படம் மாறாது. மெக்சிகோவிலிருந்து கந்தசாமியைத் திருப்போரூருக்கு இனி யாரும் அழைத்துவர முடியாது. பிடித்த இடத்தை மட்டும் பார்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. சித்தப்பா அப்படி இல்லை. நான்கு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறார். அவரை 2014இல் நிறுத்திவைத்து நான் அன்பு காட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அப்பாவை அவர் தள்ளியதை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதையும் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார முடியுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

போன மாசியில் போனேன். அக்கா மகளும் கூட வந்தாள். திண்ணையில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, விரல்தான் கண்ணியைத் தேடியது. “யாரு?” என்றார். சொன்னேன். சற்று நேரம் கை நின்றது. “அப்பாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு?” என்றார். சித்தி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பேச எதுவும் கிடைக்காமல் வலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அந்த மணல் மனுசன் படம்,” என்றார் திடீரென்று. “பாண்டில பார்த்தோமே. பாதில எழுந்து வந்துட்டோம். கடைசில அவனுக்கு என்னாச்சி?”

நான் வருடக்கணக்காகத் தள்ளிவிட்டே பார்க்கும் பகுதி அது. ஞாபகத்திலிருந்து சொன்னேன். “ஸ்பைடர்மேன் பெரியப்பாவைச் சுட்டதே இவன்தான் சித்தப்பா. வேணும்னு செய்யலைன்னு அவன்கிட்டயே வந்து சொல்லுவான். மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுவான் அவன். இவன் அப்படியே மணலாக் காத்துல போயிடுவான்.”

சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டார். வலையில் ஒரு முடிச்சுப் போட்டார்.

“அவனுக்குப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சே, ஒடம்பு சரியில்லாம. அது என்னாச்சி?”

படத்தில் அது சொல்லப்படவில்லை. நானும் அந்தப் பெண்ணைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருமுறையும் யோசித்ததில்லை.